மூன்றாவது மீசான்

எழுபதுகளின் கடைசியில் நானும் என் மனைவியின் தம்பியும் ஒன்றாகச் சவூதிக்குப் போனோம். ரியாத்துக்கு மேற்கே, மலையை வெட்டிப் பாதை போடும் வேலை. மச்சான் பாறையில் துளை போடும் மெஷினில் நின்றான். நான் உடைந்த கல்லை லொறியில் ஏற்றும் இடத்தில் நின்றேன். ஊரில் அவன் கரைவலை இழுத்தவன். இலங்கையில் எங்கள் கல்முனைக் கடலைத் தவிர அவன் அதிகம் எதையும் பார்த்ததில்லை.

முதல் கல்லை அவன்தான் கண்டெடுத்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, சாரனில் சுற்றியிருந்ததை என் கட்டிலில் வைத்தான். வலைக் கயிற்றைத் தோணிக்குள் சுருட்டி வைத்தது போல, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே வரும் வட்டக் கல்.

“மச்சான், இது என்ன?” என்று என்னிடம் கேட்டான்.

“கல்லு.”

“இப்ப கல்லு. முன்னம் சிப்பி.”

எங்கள் சமையல்காரர் மருதமுனைக்காரர். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எல்லாரும் இஞ்ச வந்து ரேடியோ வாங்குறானுகள். நீ கல்லுப் பொறுக்குறாய். உம்மாக்கு இதத்தான் கொண்டு குடுக்கப் போறியா?”

மச்சான் கோபப்படவில்லை. அடுத்த நாள் அதை எங்கள் எஞ்சினியரிடம் காட்டினான். அவர் எகிப்துக்காரர், நாங்கள் மிஸ்ர் என்போம். இந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் கடல் என்றும், அதற்குள் இருந்த உயிர் இது என்றும், மனிதனைப் படைப்பதற்கு எவ்வளவோ முந்தியது என்றும் கையாலும் அரபியாலும் விளங்கப்படுத்தினார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மச்சான் சும்மா தலையாட்டினான். “சிப்பி மலையில முளைக்கிறயா? நான் பாத்த உடன நினைச்ச” என்றான். அமோனைட் என்ற பெயரை நான் பல வருடம் கழித்து, என் மகளின் பாடப் புத்தகத்தில் படத்தோடு பார்த்துத்தான் அறிந்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் பாறை வெட்டிய இடத்துக்கு நடந்து போவோம். வெடி வைத்த பிறகு சரிந்து கிடக்கும் கல்லில்தான் தேட வேண்டும். விளிம்பு மட்டும் வெளியே தெரியும். ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் கழன்று வரும், ஆத்திரப்பட்டால் உடையும். சிலது உடைந்தால் உள்ளே அறை அறையாக இருக்கும், அறைகளில் சீனி போல மினுங்கும். தேய்ந்த சிலவற்றின் மேலே இலை நரம்பு போன்ற கோடுகள். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் கழுவிப் பார்ப்பான். ஊரில் நான் யாரோடும் அதிகம் கதைக்காதவன். அங்கே அவனோடு கதைக்க எனக்கு விஷயம் இருந்தது.

ஒரு முறை பெரிய பலகைக் கல் ஒன்று நடுவால் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் சிப்பி மேடாக இருந்தது. மறு பாதியில் அதே சுருள் பள்ளமாகப் பதிந்திருந்தது. சேர்த்தால் மூடி போல் பொருந்தும்.

“மேடு எனக்கு. பள்ளம் உங்களுக்கு” என்றான்.

“ஏன் உனக்கு மேடு?”

“கண்டெடுத்தவன் நான். நீங்க பேசாம இரிக்கிற ஆள், பள்ளம் போதும்.”

வீட்டுக்குக் கசெட்டில் பேசி அனுப்பும்போதும் கல்லுக் கதைதான். என் மாமி, அதாவது அவனுடைய உம்மா, பதில் கசெட்டில் சொன்னார்: “கல்லு இஞ்சயும் கிடக்கு மகன். நீ வா.”

அவன் வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், வெயில் கடுமையான ஒரு பகலில், நெஞ்சு நோகுதென்று மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கேயே அடக்கினார்கள். கபுறின் தலைமாட்டில் கைக்கு அகப்பட்ட ஒரு கல். பெயர் இல்லை, இலக்கம் இல்லை. பக்கத்துக் கபுறுகளும் அப்படித்தான். அது அந்த நாட்டு முறை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனுடைய மேட்டுப் பாதியை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கல்லோடு சேர்த்து வைத்தேன். அடக்கஸ்தலமான அந்த மையவாடியைப் பார்க்கும் யெமன்காரக் கிழவர் வந்தார். அதைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். சுருள் உள்ள பக்கத்தை மண்ணுக்குக் கீழாகத் திருப்பி, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். மேலே பார்த்தால் அதுவும் வெறும் கல்.

நான் ஊருக்கு வந்தபோது தந்தி வந்து, ஊர்ப் பள்ளிவாசலில், மையத்து இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸாவும் தொழுது முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில்தான் இருப்பான். ஆனால் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. மாமி அறைத் திரைக்குப் பின்னால் இருந்தார். முதலில் மகளிடம்தான் கேட்டார்.

“புள்ள, உண்ட மாப்புளக்கிட்டக் கேளு. தம்பிட கபுறுக்கு மீசான் வெச்சயாமா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். மீசான் என்பது நாங்கள் கபுறில் நடும் அடையாளக் கல். பெட்டியைத் திறந்து பள்ளப் பாதியை எடுத்துத் திரைக்குக் கீழால் தள்ளினேன்.

“இதுட மத்தப் பாதி அங்க இரிக்கி, மாமி.”

பள்ளத்துக்குள் அவருடைய விரல் சுற்றுவது மட்டும் திரைக்குக் கீழே தெரிந்தது.

மாமிக்கு வேண்டியிருந்தது ஒரு இடம். போய் நின்று ஸலாம் சொல்ல, யாஸீன் ஓத. இந்தக் கல்லை எங்கள் மையவாடியில் தன் கணவரின் கபுறுக்குப் பக்கத்தில் நடச் சொன்னார். நான் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்காயரிடம் போனேன். நல்ல மனிதர், என்னை உட்கார வைத்தார்.

“மையத்து இல்லாத இடத்தில மீசான் நட ஏலாது தம்பி. இண்டைக்கு உங்கட மாமி, நாளைக்கு ஊரெல்லாம் வரும். கடலுக்குப் போய்த் திரும்பாதவன்ட உம்மாமார் எத்தின பேர் இரிக்காங்க?”

வீட்டுக்கு வந்து திரைக்கு முன்னால் நின்று சொன்னேன். “ஏலாதாம், மாமி.” அவர் அழுததாகத் தெரியவில்லை. கல்லைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். மற்றக் கற்கள் இன்னும் என் பெட்டியில் கிடக்கின்றன. அந்தப் பாதியை மட்டும் வருடக் கணக்காக அவர் தரவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு திரை தேவைப்படவில்லை. ஒரு நாள் அவராகவே என்னைக் கூப்பிட்டார்.

“மருமகன், ஆம்புளைக்கு ரெண்டு மீசான். பொம்புளைக்கு மூண்டுதானே?”

“ஓம், மாமி.”

“நடுவுல வைக்கிறது இன்ன கல்லுதானெண்டு கிதாபில இரிக்கா?”

“தெரியா, மாமி.”

“மரைக்காருக்கும் தெரியாதாம். நான் ஆள் அனுப்பிக் கேட்ட.” கொஞ்சம் சிரித்தார். பிறகு, “அவன்ட கல்லு எப்பிடிக் கிடக்கு? முகம் மேலயா, கீழயா?” என்றார்.

“கீழ, மாமி.”

“அப்ப எண்ட கல்லும் கீழ.”

அவர் மவுத்தானது எண்பதுகளின் பின்பாதியில், சண்டையால் ஊர் குழம்பிக் கிடந்த நாளில். ஜனாஸாவுக்கு ஆட்கள் குறைவு. எங்கள் மையவாடி கடற்கரை மணல். கபுறு வெட்டும்போது மண்வெட்டியோடு சிப்பித் துண்டுகள் வந்தன. மூடி முடித்ததும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் ஊன்றினார்கள். நடுவுக்கு வந்தபோது நான் பையிலிருந்து கல்லை எடுத்தேன். அவருடைய கை பட்டுப் பட்டுப் பள்ளத்தின் ஓரங்கள் வழுவழுப்பாகியிருந்தன.

மரைக்காயர் பார்த்தார். நான் சுருளை மண்ணுக்குக் கீழாக வைத்து, வயிறு வரும் இடத்தில் அழுத்தினேன்.

“இன்னும் அழுத்துங்க தம்பி,” என்றார் மரைக்காயர். “காத்துக்கு மணல் போயிரும்.”

நான் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். அவர் குடத்திலிருந்து தண்ணீரைக் கபுறின் மேல் ஊற்றிக்கொண்டு வந்தார்.