மாடியில் ராகித் தாள்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மேல்தளம் வெறும் மரப்பலகை. மாடியில் குடியிருந்தவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், சலவை கலையாத வெள்ளைச் சட்டை. யோசனை வந்தால் நடப்பார். அவருக்கு எந்நேரமும் யோசனைதான். ஒவ்வோர் அடிக்கும் கீழே என் கைக்குழந்தை விழித்து அழும்.

ஒருநாள் மாடியேறிச் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ராகித் தாள், அதாவது கேழ்வரகு வைக்கோல், கட்டுக்கட்டாக வாங்கி வந்து, மாடி முழுக்கக் கணுக்கால் புதையப் பரப்பிவிட்டார். சத்தம் அடியோடு நின்றது.

மத்தியானம் வீட்டுக்காரரின் பசு வாசனை பிடித்துப் படியேறிவிட்டது. ஏறிய மாடு இறங்க மறுத்தது. கம்பவுண்டர் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்றிலும் கெஞ்சிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அது பாதித் தாளைத் தின்றுவிட்டு, வெறும் பலகையில் தடதடவென்று உலாவத் தொடங்கியது.

தலையெல்லாம் தாளோடு இறங்கி வந்தார்.

“ஏம்மா, நான் நடக்கிறது இப்ப கேக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப சரிங்க” என்று நிம்மதியாக மேலே போனார்.

நான் பொய் சொல்லவில்லை. மாட்டின் குளம்புச் சத்தத்தில் அவர் நடை கேட்கவே இல்லை. குழந்தையோ அந்தத் தடதடப்பில் அன்றுதான் அசையாமல் தூங்கியது. மாட்டை இறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லப் படிவரை போய், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.