நடந்தவர்களுக்குக் கட்டம் இல்லை

கூடலூர்ப் பெண்கள் உடம்பு இளைக்கத்தான் காலையில் நடக்கிறார்கள் என்று நான் மூன்று நாள் முழுதாக நம்பினேன். படித்தவன்தான். போக்குவரத்துப் பொறியியலில் மேல்படிப்பு வேறு.

தொண்ணூறுகளின் கடைசி. கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தடத்தில் புதிதாகப் பஸ் விடலாம் என்று கணக்கெடுத்துச் சொல்லும் வேலை. கம்பெனி மதுரையில். நான் திருச்சிக்காரன். கூடலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டு அக்கா மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். முதல் பஸ் வரும் நேரத்தில் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதனால் விடியுமுன்பே ஜீப். நான் வந்த முதல் வாரமே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸு விடுற ஆபீசரு நீங்கதானா தம்பி?"

"விடுறது நான் இல்லக்கா. எண்ணிச் சொல்றதுதான் என் வேலை. ஆள் இருந்தா விடுவாங்க."

"ஆளுக்கா பஞ்சம்? எங்கள ஜீப்புல அடுக்குற அடுக்கப் பாத்தா தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் வந்து தொழில் கத்துக்கிருவான். விடியக்காலம் ஒத்த பஸ்ஸு போதும். ஒவ்வொரு வளைவுலயும் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறோம்."

"எண்ணிருவோம்க்கா" என்றேன், பஸ் என் வீட்டுக் கொல்லையில் நிற்பதுபோல.

"ஒரு தலை விடப்படாது, ஆமா."

அடுத்த வாரம் குமுளி சாலையில், ஊரைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் பலகை, பலகையில் படிவம். என்னிடம் இருந்த ஒரே கெட்டியான பேண்ட் காக்கி நிறம். விடியுமுன் குளிருக்கு அதுதான் தோது என்று மாட்டிக்கொண்டேன். அந்தப் பேண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜீப்புகள் வந்தன. ஒன்றில் ஏழு பேர், ஒன்றில் எட்டு. கால் நீட்டிக்கூட உட்காரலாம். அக்கா கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் பெண்கள் நடந்து வந்தார்கள். தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, ஒருவர் பின் ஒருவராக, கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாக. முன்னால் அக்கா.

"என்னக்கா, நடையா?"

"நடைதான் தம்பி. நல்லாப் பாத்துக்கங்க." பின்னால் திரும்பி ஓர் அதட்டல்: "ஏய், ஒட்டிக்கிட்டு வராதடி, தள்ளித் தள்ளி வா!"

பள்ளிக்கூடத்தில் எங்கள் டிரில் மாஸ்டருக்குக்கூட இந்தக் கண்டிப்பு கிடையாது. இந்த ஊர்ப் பெண்களுக்கு உடம்பின்மேல் எவ்வளவு அக்கறை என்று வியந்து வீட்டுக்குக் கடிதம்கூடப் போட்டேன். நீயும் நட என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

ஜீப்புக்குச் சராசரி எட்டுப் பேர், விடியற்காலைப் பஸ்ஸுக்கு அவசியமில்லை. இப்படி எழுதி அறிக்கையை மதுரைக்கு அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு கொண்டுவந்து வைத்தார்.

"எங்கள எல்லாம் எண்ணிட்டீகல்ல?"

"எங்கக்கா?"

"எங்கயா? நல்லாக் கேட்டீக போங்க. ஒங்க காக்கிக் கால்சட்டையப் பாத்துட்டு, ஆர்டிஓ ஆபீசுல இருந்து ஆளு எண்ணி அபராதம் போட வந்திருக்காகன்னு டிரைவரு நெனச்சுட்டாரு. முக்குலயே பாதிப் பேர இறக்கிவிட்டு, அந்தாளத் தாண்டி நடந்து வாங்க, அங்கன வந்து ஏறிக்கங்கன்னுட்டாரு. நான்தான் சொன்னேன், வரிசையா வாங்கடி, தம்பி எண்ணட்டும்னு. மூணு நாளும் அப்படித்தான வந்தோம்? எண்ண வசதியா இருந்துச்சுல்ல?"

என் படிவத்தில் லாரிக்குக் கட்டம் இருந்தது. மாட்டுவண்டிக்கு இருந்தது. வண்டிக்குள் எத்தனை தலை என்று எழுதவும் இடம் இருந்தது. நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் கட்டம் இல்லை.

"எண்ணியாச்சுக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் நடத்திய கூத்தைச் சொல்ல வேண்டும். மறுநாள் எஸ்டிடி பூத்துக்குப் போனேன். மேலதிகாரி "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். மூன்று தடவை. நான்காவது தடவை தைரியம் வந்து, "சார், சாப்டீங்களா?" என்றேன். "காலைல பதினோரு மணிக்கு என்னய்யா சாப்பாடு?" என்றார். மறுபடி வைத்துவிட்டேன். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கணக்கு தப்பு என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தால் ராஜினாமா மாதிரியே இருந்தது. சட்டைப்பையில் வைத்தேன். சட்டை சலவைக்குப் போனது. கடிதம் கூழாகித் திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. கடையில் தாள் இருந்தது, என்னிடம் பேனாவும் இருந்தது. நான் டீ குடிக்கப் போனேன்.

அக்கா பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "எங்க பஸ்ஸு எங்கன வருது தம்பி?"

"தேனியில கெளம்பிருச்சுக்கா."

அடுத்த வாரம் சின்னமனூருக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் உத்தமபாளையம். அங்கே இரண்டு வாரம் பஞ்சராக்கி நிறுத்திவைத்தேன். தெருவே சிரித்தது. "ஏலே, பஸ்ஸ ஓட்டுறாகளா, உருட்டுறாகளா?" என்று எதிர்வீட்டுக்காரர் என்னைக் காட்டித் தன் மகனிடம் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்க வைப்பது எனக்கு எப்போதும் சுலபம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து நனைந்து வந்த அக்கா, துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"இன்னைக்கு எங்கன?"

"கம்பம் வந்தாச்சுக்கா."

"அப்ப நாளைக்கு இங்கன வந்துரும். எனக்கு சன்னலோரம் போட்டு வையிங்க."

மறுநாள் காலை மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் ஜீப் கவிழ்ந்தது. அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் செத்துப்போனார்கள். வண்டியில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகும் நான் கடிதம் எழுதவில்லை. நான் கூடலூரைக் காலி செய்துகொண்டு கிளம்பும்வரை அந்தத் தடத்தில் விடியற்காலைப் பஸ் வரவில்லை.