பதினோராம் மைல்கல் கிணறு

1949, ஐப்பசிக் கடைசி. காலை ஆறேகாலுக்கு அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினேன். கையில் ஒரு மரப்பெட்டி. கதிர்வீச்சுள்ள கல் அருகே வந்தால் சடசடவென்று ஒலிக்கும் கருவி அதற்குள் இருந்தது. அணுசக்திக்கு வேண்டிய யுரேனியத்தைத் தேடி, இரண்டரை மாதத்துக்கு முன் இதே பெட்டியோடு இங்கே இறங்கியபோது தலைகால் புரியாத பெருமை எனக்கு. இந்தத் தடவை ஒரு குடியானவரிடம் என் தப்பைச் சொல்ல வந்தேன். திரும்பிவிடலாமா என்று விழுப்புரத்திலிருந்தே யோசனை.

பெரம்பலூர் பஸ் ஏழரைக்கு. கரியில் ஓடும் வண்டி; அடுப்பை மூட்டி, விசிறி, அது கிளம்ப எட்டேகால் ஆயிற்று. கட்டணம் ஆறணா. டிரைவர் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆட்டம் பாம் கல்லு பாக்க வந்த சார்தானே? அங்க பேக்டரி வருதாமே, நெசங்களா?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகலைங்க" என்றேன். பொய்தான். எல்லாம் முடிவாகிவிட்டிருந்தது.

ஒன்பதரைக்குப் பதினோராம் மைல்கல்லில் இறக்கிவிட்டார். அங்கிருந்து ஒரு மைல் நடை. நாலு நாள் மழையில் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிற்று.

ஆவணியில் அந்தக் குடியானவர், கோவிந்தசாமி, இங்கே தம் நிலத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு அடியில் ஈரம் கண்டிருந்தது. இன்னும் இரண்டு நாளில் ஊற்று என்றார்கள் வெட்டுகிறவர்கள். "மூணு வருசமா மானத்தப் பாத்தே ஒக்காந்திருக்கோம் சார். இதுவும் இல்லேன்னா தைக்கு மேல ஊர உட்டுக் கெளம்ப வேண்டியதுதான்" என்று அன்றே அவர் சொன்னார்.

வேறு இடங்களில் எல்லாம் கருவியிலிருந்து கல்லருகே நீட்டும் குழாயைப் பிடித்தவர் எங்கள் ஆபீஸ் பியூன். கிணற்றில் இறங்க அவர் பயந்தார். நானே இறங்கினேன். காதில் மாட்டிய ஹெட்போனில் ஒரே சடசடப்பு. களிமண்ணில் பதிந்திருந்த உருண்டைக் கற்களில் நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தேன். பெரிய அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது என்றேன். "இந்தக் கல்லோட சக்தியில நாளைக்கு ஆகாய விமானமே பறக்குங்க."

"பறக்கட்டுங்க சார். எனக்குத் தண்ணி வந்தாப் போதும்" என்றார். ஆனாலும் நிறுத்தினார். சர்க்கார் ஆள் சொன்னால் வேறென்ன செய்வார்?

சென்னையில் அந்தக் கற்கள் ஊமையாகக் கிடந்தன. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒருநாள் கை கழுவ என் வாட்சைக் கழற்றிக் கருவி அருகில் வைத்தேன். அதே சடசடப்பு. இருட்டில் மணி தெரிவதற்காக அதன் முள்ளில் ரேடியம் பூசியிருந்தது. கிணற்றில் நான் குழாயைப் பிடித்திருந்தது வாட்ச் கட்டிய கையால்.

இப்போது கிணறு இருந்த இடத்தில் ஒரு சேற்றுக் குட்டை. வெட்டுகிறவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார்கள். கல் கட்டாத கரை நாலு பக்கமும் சரிந்து உள்ளே விழுந்திருந்தது.

கோவிந்தசாமியின் காதில் ஹெட்போனை மாட்டி, வாட்சைக் குழாயருகே கொண்டுபோனேன், எடுத்தேன், மறுபடி கொண்டுபோனேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மனைவி அஞ்சலை என் கையையே பார்த்தார். "அப்ப நம்ம கெணத்த நிறுத்துனது இந்தக் கடியாரமா?"

"நீ சும்மா இரு" என்றார் கோவிந்தசாமி. "அவங்களா வந்து சொல்லியிருக்காங்க. சொல்லாட்டி நமக்குத் தெரியுமா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நஷ்டஈடு கேட்டு மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றேன். எழுதினால் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். பகல் முழுக்க அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மயிலாப்பூரில் என் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும். அதைப் பெரிய விஷயமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கிளம்பும்போது, வேண்டாமென்று சொல்லியும் பெட்டியை அவரே தோளில் வைத்துக்கொண்டு மைல்கல் வரை வந்தார்.

"இந்த நாலு நாள் மழ எதுக்குப் போதும்? தை பொறந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் கெளம்பறோம் சார். அறுப்பு வேலை கெடைக்கும்."

அவர் சாலையைப் பார்த்தார்.

"மூணரை பஸ்ஸ உட்டுட்டா இனி நாளைக்குத்தான். இப்ப மணி என்னங்க ஆவுது?"

கையைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று இருபது.