எலுமிச்சம்பழத்துக்கு நேரம் இருக்கு, காற்றுக்கு இல்லை

1. நூற்றெட்டு கிலோ

வண்ணாரப்பேட்டையில் ஒரு பைக் ஷோரூமில் டெஸ்ட் ரைடு காட்டுகிற வேலை. சேர்ந்த முதல் நாளே அந்தப் புதுக் குட்டி வண்டியின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எடை நூற்றெட்டே கிலோ. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ, அதோடு பைக் பைத்தியம். விடுவேனா?

உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிகிறது. கிளட்ச் ஒரு விரலுக்கு அடங்குகிறது. நெரிசலில் சைக்கிள் மாதிரி புகுந்து போகலாம். ஆனால் கொக்கிரகுளம் போய்த் திரும்புவதற்குள், சின்னப் பள்ளத்துக்கெல்லாம் தவ்வியது. வந்ததும் டெஸ்ட் ரைடு நோட்டில் எழுதினேன்: 'எடை கம்மி, அதனால் துள்ளுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஆகாது.' கீழே கையெழுத்து வேறு.

மேனேஜர் அண்ணாச்சி படித்துவிட்டு, "ஏலே, இன்ஜினியரு கரெக்டாத்தான் எழுதியிருக்கான்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

2. செல்வி அக்கா

அடுத்த மாதம் முக்கூடலிலிருந்து செல்வி அக்கா வந்தார், கணவரோடு. அங்கன்வாடி டீச்சர். பஸ் போகாத ஊருக்கு மாற்றியிருந்தார்கள். வாய்க்கால் கரையோடு கல்லும் குழியுமாக ஆறு கிலோமீட்டர். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அதற்குச் சரிப்படாது. கனமான பைக்கை அந்தக் கரையில் அவரால் திருப்ப முடியாது. இந்தக் குட்டி வண்டி ஒன்றுதான் தோது. வண்டி அமையாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

ஓட்டிப் பார்த்தார். முதல் வேகத்தடையிலேயே பின்சக்கரம் எகிறி, கால் நழுவி, எப்படியோ ஊன்றி நின்றார்.

கணவர் சிரித்தார். "நாந்தான் அப்பமே சொன்னேம்லா? பேசாம வீட்டுல இரி."

அக்கா விடவில்லை. "எந்தம்பி வண்டிய மூணு வருசமா ஓட்டுதேன். ஒரு நாளு துள்ளுனதில்ல. இது வண்டியா, ஆட்டுக்குட்டியா?"

அண்ணாச்சி நோட்டை விரித்தார். "எங்க இன்ஜினியரே எழுதியிருக்கான், பாருங்கம்மா. லேசு வண்டி, துள்ளத்தான் செய்யும். ஸ்கூட்டர் பாப்பமா?"

அக்கா என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுதுவதற்கு முன் டயரில் காற்றைப் பார்த்தேனா என்று அப்போதுதான் உறைத்தது.

3. மீட்டர்

ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி, காற்று மீட்டரை எடுத்து வந்து டயரில் வைத்தேன். முன் டயரில் இருபத்தைந்து இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு இருந்தது! பின்னால் ஐம்பது.

லாரியில் இழுத்துக் கட்டி வரும்போது டயர் அமுங்காமலிருக்கக் கம்பெனியில் கூடுதலாக அடித்துத்தான் அனுப்புவார்கள். இங்கே இறக்கியதும் குறைக்க வேண்டும். சோதனைத் தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. தேடி எடுத்துப் பார்த்தேன். 'டயர் காற்று' என்பதற்கு நேரே அழகாக ஒரு டிக்.

"யாருண்ணே பாத்தது?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"பாக்கதாவது! லோடு வந்த அன்னைக்கே எல்லாத் தாளுக்கும் மொத்தமா டிக் போட்டுருவோம்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டெலிவரிக்கு ரெண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கோம். சரியா நசுங்கலேன்னா வேற பழம் மாத்துதோம். அதுக்கு நேரம் இருக்கு, காத்து பாக்க இல்லியா?"

"ஏலே, கஸ்டமர் முன்னால கத்தாத" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார்.

"அவங்க முன்னாலதானே அண்ணாச்சி சொல்லணும்?"

காற்றை இறக்கினேன். அக்கா மறுபடி ஏறினார். அதே வேகத்தடை. வண்டி தாண்டியதே தெரியவில்லை. கொக்கிரகுளம் வரை போய் வந்து, இறங்காமலே கணவரிடம், "பணத்தக் கெட்டுங்க" என்றார். என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த நோட்ட எடு. எழுதுனத அடி."

அடித்தேன். மீட்டரைப் பிடிக்கத் தெரிந்தவன் பிடிக்காமல் எழுதினான் என்றால், டிக் போட்டவனைவிட அவன் என்ன ஒசத்தி?

ஆனால் நோட்டில் அடித்தால் ஆச்சா? அதற்கு முன்பே அதே மாதிரி ஒன்பது வண்டி வெளியே போயிருந்தது. ஒன்பது பேருக்கும் போன் போட்டேன். எட்டுப் பேர் காற்றைக் குறைத்துக்கொண்டார்கள். ஒன்பதாமவர், ஏரல் ஊர்க்காரர் மட்டும், "வண்டி துள்ளுதுன்னு போன வாரந்தான் வித்தேன் தம்பி. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன்" என்றார்.

மீட்டர் இப்போது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.