சித்தி தாளித்த ரசம்

கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு வயிறு மூடிக்கொள்ளும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்ததை இன்னமும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கரண்டியைப் பிடித்திருந்தவர் என் சித்தி, அப்பாவுடைய தம்பியின் மனைவி. அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும். அந்த ஒரு கரண்டி எண்ணெய்க்காக எங்கள் குடும்பம் அவரைக் கடைசிவரை ஒரு கொலைகாரியைப் போல நடத்தியது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து நாட்டைப் பிடிப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அப்பாவும் சித்தப்பாவும் ரயில்வே பட்டறையில் வேலை செய்தார்கள். இரண்டு அறையும் ஓர் அடுப்பங்கரையும் உள்ள வீட்டில் இரண்டு குடும்பங்களும் ஒன்றாக இருந்தோம். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் சித்தி. சத்தமாகச் சிரிப்பார், அம்மாவுக்கு அது பிடிக்காது. என் தம்பிக்கு ஐந்து வயது. அவனுக்கு எல்லாவற்றுக்கும் சித்திதான் வேண்டும். சித்தி ரசம் தாளிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கொதிக்கும் எண்ணெய் ரசத்தில் விழுந்து சீறும் நேரத்துக்காகக் காத்திருப்பான். "ரயிலு வந்துருச்சு சித்தி!" என்று கைதட்டுவான்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே காய்ச்சல்தான். அதற்கு மருந்தும் ஒன்றுதான், கொய்னா. மருந்து கொடுக்கும் இடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, அந்தக் கசப்புத் தண்ணீரை ஊற்றி அனுப்புவார்கள். தம்பி, "கண்ணுக்குள்ள வலிக்குது, காலெல்லாம் ஒடிக்கிற மாதிரி இருக்கு" என்று அழுதான். மருந்து ஊற்றிய டிரெஸ்ஸர், "மலேரியான்னா அப்படித்தான் இருக்கும், போ போ" என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவன் வீடு வந்து சேர்வதற்குள் கொய்னாவை வாந்தி எடுத்துவிட்டான்.

காய்ச்சல் விடவில்லை. ஒரு நாள் காலையில் அவன் முகமும் மார்பும் சிவந்து கிடந்தன. அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துருக்கா." அவ்வளவுதான், அதன் பிறகு அந்த வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லையே யாரும் சொல்லவில்லை. வேப்பிலைக் கொத்தை வாசலில் கட்டினால் சுகாதாரத்துக்காரன் கண்ணில் பட்டுவிடும் என்று கதவுக்கு உட்புறம் கட்டினார்கள். அம்மை என்று தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியாக அடைத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

சித்தி மட்டும் அவன் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அக்கா, தோட்டத்துல நான் அம்மை பாத்திருக்கேன். நீர் கோத்துக்கிட்டு நிக்கும். இது அப்படி இல்லியே. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோமே?"

"வாயக் கழுவு. ஆத்தா காதுல விழப்போவுது" என்றார் அம்மா.

பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் மந்திரித்த மஞ்சள் நூலைத் தம்பியின் முழங்கைக்கு மேலே கட்டினார். அவன் திமிறி அவிழ்த்துவிடக்கூடும் என்று இறுக்கியே கட்டினார். கொஞ்ச நேரத்தில் நூலுக்குக் கீழே, உள்ளங்கை வரைக்கும், ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. நூலுக்கு மேலே அவ்வளவு இல்லை. "பாத்தீங்களா? காப்புக் கட்டினதும் ஆத்தா முத்துப் போடுறா" என்றார் பூசாரி. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். எவ்வளவு அழகான புள்ளிகள் என்று நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது. தம்பிக்குக் கஞ்சியும் இளநீரும் மட்டும் கொடுத்தார்கள். அவன் எல்லாவற்றையும் கக்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அம்மா கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போயிருந்த நேரத்தில், "சித்தி, கஞ்சி வேணாம். ரயிலு வர்ற ரசம் குடு" என்று கேட்டான். சித்தி என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தார். பிள்ளை அரை டம்ளர் ரசம் குடித்தான். பல நாட்களுக்குப் பிறகு அவன் வயிற்றில் தங்கியது அதுதான். அந்தச் சீறலுக்குக் கைதட்ட மட்டும் அவனுக்குத் தெம்பு இல்லை.

வாசனை தெருவுக்கே போய்விட்டது. அம்மா தீர்த்தச் செம்போடு ஓடி வந்தார். எதிர் வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து, "கிள்ளான்காரிக்கு ரெண்டு நாளு தாளிக்காம இருந்தா தொண்டையில எறங்காதாக்கும்!" என்றார். ரசம் தம்பி கேட்டது என்று சித்தி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் தம்பியின் உடம்பு குளிர்ந்தது. காய்ச்சல் சுத்தமாக இறங்கிவிட்டது. அம்மா சந்தோஷத்தில் அழுதார். "ஆத்தா குளுந்துட்டா, என் வீட்ட மன்னிச்சுட்டா." சித்தி அவன் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, காலு ஐஸ் மாதிரி இருக்கு. ஒரே வேர்வையா இருக்கு அக்கா."

"குளுந்தா குளுந்துதான் இருக்கும். நீ தொடாத" என்று அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை பட்டறைச் சங்கு ஊதும்போது தம்பி இல்லை. அதற்கு முன் காப்பித் தூள் மாதிரி கறுப்பாக வாந்தி எடுத்திருந்தான்.

பூசாரி வந்து ஒரே வார்த்தையில் முடித்தார். "எறங்கிப் போக இருந்த ஆத்தாவ தாளிச்ச வாசனை காட்டித் திருப்பி வுட்டுட்டீங்களே!" அந்தப் பேச்சு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. கொய்னா ஊற்றியவருக்குப் பழி இல்லை. நூல் கட்டியவருக்கு இல்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்றவர்களுக்கும் இல்லை. சித்தப்பா தன் மனைவிக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் காலில் விழுந்து, "எம் பொண்டாட்டி பண்ணுன பாவம்ண்ணே" என்றார். கதவோரம் நின்றிருந்த சித்தி அதைக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் கிள்ளானுக்குக் குடிபோனார்கள். சித்திக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் அந்த ரசத்தைத்தான் காரணம் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் அவரைப் பார்க்க முடியும். அவர் கை நீட்டினாலும் யாரும் கைக்குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். அதனால் கை நீட்டுவதையே அவர் விட்டுவிட்டார். அம்மா சாகக் கிடந்தபோது சித்தி ஒரு கரண்டி தண்ணீர் ஊற்ற வந்தார். அம்மா வாயை மூடிக்கொண்டார்.

போன வருஷம் என் கடைசி மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருத்தி அவள் மேல்கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறுக்கத்தைக் குறைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பட்டையை அவிழ்த்ததும் அதற்குக் கீழே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மிஸ்ஸி கையெடுத்துக் கும்பிடவில்லை. புள்ளிகளை எண்ணினாள், டாக்டரைக் கூப்பிட்டாள். டெங்கி என்றார்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம், கை கால் சில்லிட்டால் உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மருந்தைவிட, ரத்தத்தில் ஏற்றிய உப்புத் தண்ணீர்தான் என் மகளைக் காப்பாற்றியது.

நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசத் தயங்குகிறவள். ஆனாலும் அந்த டாக்டரிடம் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதுக்காரரான அவர் பொறுமையாகக் கேட்டார். "அதுவா இருந்திருக்கலாம் ஆன்டி. ரத்தம் எடுத்துப் பாக்காம நிச்சயமா சொல்ல முடியாது லா. ஆனா ஒண்ணு, ரசத்தால யாரும் சாகல."

மகள் தேறியதும் கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். சித்தி தனியாக இருந்தார், சித்தப்பா போய் வெகு காலமாகிவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் சொன்ன டெங்கியைப் பற்றியும் நூலைப் பற்றியும் புள்ளிகளைப் பற்றியும் உடம்பு குளிர்ந்ததைப் பற்றியும், எனக்குத் தெரிந்த வரையில், திக்கித் திக்கிச் சொன்னேன். "ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல சித்தி" என்றேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"உங்கம்மா போயிட்டாங்க. உங்கப்பா போயிட்டாரு. எங்கூட்டுக்காரரும் போயிட்டாரு. நான் இத இனிமே யாருகிட்ட போயி சொல்லட்டும்?"

நான் படியில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அந்த டாக்டரு நிச்சயமா சொன்னாரா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அதுவா இருந்திருக்கலாம்னு சொன்னாரு சித்தி."

"இருந்திருக்கலாம்" என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னைச் சொன்னப்ப, உங்க வீட்டுல ஒருத்தராச்சும் 'இருந்திருக்கலாம்'னு சொன்னாங்களாடி?"