எதிர்வீட்டில் வைத்த பெட்டி

எழுபதுகளின் கடைசியில் எங்கள் உடுப்பிட்டிப் பக்கத்தில் இங்கிலிஷ் படிப்பித்தவர்கள் ஒன்றில் நைஜீரியாவுக்குப் போயிருந்தார்கள், அல்லது போவதற்கு எழுதிப் போட்டிருந்தார்கள். என் கணவர் போனவர்களில் ஒருவர். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு போனவர், ஒப்பந்தத்தின் நடுவில் விடுமுறைக்கு வந்து நின்றார். வந்த நாள் தொடக்கம் வாசலில் ஆட்கள்தான். எல்லோருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடினார். பெரிய பள்ளிக்கூடமாம், நல்ல மரியாதையாம், ஒரு குறையும் இல்லையாம். ஆனால் சாப்பிட இருந்தால் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். யாராவது படலையைத் தட்டினால் திடுக்கிடுவார்.  

அவருடைய தங்கைக்கு, அதாவது என் மச்சாளுக்கு, அப்போது ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. தமையன் வெளிநாட்டில் வாத்தியார் என்பதற்காகத்தான் மாப்பிள்ளை வீட்டார் ஓம் என்றார்கள். வேலையை விட்டால் அவர்களும் கையை விரித்துவிடுவார்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

அவர் திரும்பிப் போகவேண்டிய செவ்வாய்க்கிழமை கரிநாளாகப் போய்விட்டது. டிக்கட்டை மாற்ற முடியாது. அதற்கும் எங்கள் ஆட்களிடம் வழி இருந்தது. நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளிலும் போகலாம். பெட்டி மட்டும் திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. அவருடைய அம்மா, என் மாமி, ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை எதிர்வீட்டில் வைப்பித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோப்பாயிலிருந்து ஓர் இளம் வாத்தியார் பஸ் பிடித்து வந்தார். அவருக்கும் அதே நாட்டில் வேலை கிடைத்திருந்தது.

"அண்ணை, வாற மாதம் நான் கையெழுத்து வைக்கவேணும். மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவம் எண்டு யோசிக்கிறன். ஒப்பந்தத்திலை வீடு தருவம் எண்டு கிடக்கு. தருவினமோ?"

நான் தேத்தண்ணியோடு நின்றேன். மாமி கதவடியில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். பழைய பாட்டுத்தான் வரும் என்று பார்த்தேன்.

"தரமாட்டினம்" என்றார் அவர்.

பிறகு எல்லாம் வந்தது. "எனக்குப் பள்ளிக்கூடச் சாமான் போடுற அறையைத்தான் தந்தவை. கூரை ஒழுகும். மூண்டு வகுப்பை ஒண்டாய் இருத்திப்போட்டுப் படிப்பி எண்டுவினம். கடைசி வாங்கிலை இருக்கிறவனுக்கு என்ரை குரல் கேட்காது. புத்தகமில்லை. நான் பலகையிலை எழுத, அவங்கள் பார்த்து எழுதுவாங்கள். நல்ல பெடியள், பாவங்கள். பின்னேரத்திலை விடுதிப் பொறுப்பும் என்ரை தலையிலைதான். மலேரியாக் காய்ச்சலோடை படுத்தாலும் பிரின்சிப்பல் ஆள் அனுப்பி எழுப்புவிப்பார். பாஸ்போட்டும் அவரிட்டைத்தான். இந்த லீவுக்கு வாறதுக்குக் கெஞ்சித்தான் வாங்கினனான்."

மாமியின் கத்தி நின்றுவிட்டது. வந்தவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப மலேரியாவுக்கு நுளம்பு வலையை இஞ்சையிருந்தே கொண்டுபோறது நல்லமோ, அண்ணை?"

"ஓம், கொண்டுபோம்" என்று சொல்லி அவரைப் படலைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்த என் கணவர், கதிரையில் சாய்ந்து இருந்தார்.

"அம்மா, நான் போகமாட்டன்."

"விசர்க்கதை கதையாதை. பெட்டி வெளிக்கிட்டு இண்டைக்கு மூண்டு நாள்."

"பெட்டி போகட்டும். நான் போகமாட்டன். இஞ்சை பழைய வேலை கிடக்கு."

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குமர்ப்பிள்ளையை நினைத்துப் பார் என்றார், செத்துப்போன தகப்பனை இழுத்தார், வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அவர் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோசம். இந்த மனிசன் இப்படியே அரைமணித்தியாலம் இருந்துவிட்டால் போதும், ரயிலுக்கு ஏற்றிப்போக வருகிற காரை நானே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று நினைத்தேன். மச்சாள் வீட்டில் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

படலை கிறீச்சிட்டது. மச்சாள் ஒரு பக்கம் சாய்ந்தபடி எதிர்வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீடும் பார்க்கத்தான் வந்திருப்பாள். பெட்டியை நடு விறாந்தையில் வைத்தாள்.

"நீங்கள் போகவேண்டாம், அண்ணை. அவையள் வேண்டாமெண்டால் விடட்டும். எனக்கொண்டும் குறைஞ்சு போகாது."

சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, பயணத்துக்கென்று தோய்த்துக் கொடியில் போட்டிருந்த சேட்டை மாட்டினார். 

இப்போது மாமி குறுக்கே வந்து நின்றார். "பெட்டி திரும்பி உள்ளை வந்திட்டுது. கரிநாளும். இண்டைக்குப் போகாதை ராசா." சற்றுமுன் போ போ என்று அழுத அதே வாய்தான். இப்போது உண்மையாகவே பயந்திருந்தார்.

நான் அவருக்குப் பின்னால் அறைக்குள் போனேன். "இஞ்சருங்கோ, இப்பத்தானே போகமாட்டன் எண்டனியள்?"

அவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அவள் போகச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் நிண்டிருப்பன்."

எனக்கு மச்சாளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. கொடிகாமத்தில் ரயிலுக்கு விட வந்த கார் வெளியே கோர்ன் அடித்தது. நாங்கள் விறாந்தைக்கு வந்தபோது மச்சாள் பெட்டியின்மேல் ஏறி இருந்தாள். கலியாணத்துக்கு நின்ற பெண், சின்னப்பிள்ளைபோலக் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எழும்பமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் அவளுக்கு முன்னால் குந்தியிருந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.