நான் கேட்டிராத காலடிச் சத்தம்

“...பாக்கலண்ணா, கேக்குறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் நடந்தா சத்தம் வருதில்ல?” என்றான் ஹெப்பகோடியிலிருந்து வந்திருந்த சேகர்.

விவேக் நகரில் எங்கள் பிரவுசிங் சென்டரில், இரண்டாயிரத்து மூன்றில் நடந்த ஆன்லைன் துப்பாக்கிச் சண்டைப் போட்டி அது. நான்தான் நடுவர். ஒளிந்திருப்பவர்களை எல்லாம் சேகர் சரியாகச் சுட்டான். “மச்சா, சுவத்த ஊடுருவிப் பாக்குற சாஃப்ட்வேர் போட்டுட்டான், கள்ளன்!” என்று எதிரணி கத்தியது. நம்பிவிட்டேன். அவனை ஆட்டத்திலிருந்து நீக்கினேன். ஐந்து பேர் இல்லாத அணி ஆடக் கூடாது என்பது விதி. அவன் அணியே வெளியேறியது.

எங்கள் முதலாளி, “கீபோர்டு சத்தமே போதும்டா சாமி” என்று எல்லா ஸ்பீக்கரையும் கழற்றி வைத்திருந்தார். மூன்று வருடமாகச் சத்தமில்லாமல் ஆடியே பழகிய எனக்கு, அந்த ஆட்டத்தில் காலடிச் சத்தம் உண்டென்பதே தெரியாது. சேகர் தன் சொந்த ஹெட்போனைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் செருகி என் காதில் மாட்டினான். டக், டக் என்று தெளிவாகக் கேட்டது.

வெட்கமோ வருத்தமோ வரவில்லை, உள்ளே மரத்துப்போயிருந்தது. அத்தனை பேர் முன்னால் தீர்ப்பை மாற்ற நாக்கு எழவில்லை. “சொன்னது சொன்னதுதான்பா” என்றேன்.

இப்போது அலுவலகத்தில் இப்படிப் போட்டி நடத்தினால், யார்மேல் புகார் வந்தாலும் முதலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் ஹெட்போனை மாட்டிப் பார்க்கிறேன்.

அன்று சேகர் சண்டை போடவில்லை. கள்ளன் என்று கத்தியவர்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுத்தான். கடைசியில் என்னிடம் வந்து, எனக்கும் கையை நீட்டினான்.